கிலோமோல், பவுண்டுமோல், நார்மல் கன மீட்டர்: மோல் பாய்வு வீதத்தை மாற்றும்போது கணக்கு ஏன் ஒத்துவருவதில்லை?

கேள்வி இது: ஆலையின் பழைய வடிவமைப்புத் தாளில் வாயு ஓட்டம் மணிக்கு இத்தனை பவுண்டுமோல் என்று இருக்கிறது. மீட்டர் மணிக்கு இத்தனை நார்மல் கன மீட்டர் என்று காட்டுகிறது. வாயு வாங்கும் ஒப்பந்தத்தில் எம்.எம்.எஸ்.சி.எஃப்.டி. (நாளொன்றுக்குப் பத்து லட்சம் ஸ்டாண்டர்ட் கன அடி) என்று போட்டிருக்கிறது. மூன்றையும் கிலோமோல்/மணிக்கு மாற்றிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று 5 முதல் 10 சதவீதம் வித்தியாசம் வருகிறது. எந்த மாற்றுக் காரணி தவறு?

பெரும்பாலும் எந்தக் காரணியும் தவறாக இருக்காது. இந்த மூன்றில் உண்மையான மோல் அலகு ஒன்றுதான்: பவுண்டுமோல். மற்ற இரண்டும் கன அளவுகள். மோல் கணக்குக்குப் பதிலாகப் புழக்கத்தில் இருப்பவை. கன அளவை மோலாக்க வேண்டுமானால் அது எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் சொல்லப்பட்டது என்று தெரிய வேண்டும். அந்த நிபந்தனை அலகின் பெயரில் எழுதப்படுவதில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியில்தான் 5 சதவீதமும் 10 சதவீதமும் ஒளிந்திருக்கின்றன. ஆகவே கையில் ஒரு எண் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது மோலா, கன அளவா, நிறையா என்பதுதான். காரணியைத் தேடுவது அதற்குப் பிறகு.

மோலிலிருந்து மோலுக்கு மாற்றுவது வெறும் பெருக்கல். ஒரு கிலோமோல் 1000 மோல், ஒரு மணி 3600 விநாடி. எனவே,

1 கிலோமோல்/மணி = 1000 ÷ 3600 = 0.27778 மோல்/விநாடி

திருப்பிப் போனால் மோல்/விநாடியை 3.6ஆல் பெருக்கினால் கிலோமோல்/மணி. ஆய்வகக் கருவிகளில் வரும் மோல்/நிமிடத்தை 0.06ஆல் பெருக்கினால் அதே கிலோமோல்/மணி கிடைக்கும். வெப்பநிலை, அழுத்தம், எந்தப் பொருள் என்பது எதுவும் இங்கே உள்ளே வராது.

பவுண்டுமோல் என்றால் பலர் தயங்குகிறார்கள். ஒரு மோல் தண்ணீர் 18.015 கிராம், ஒரு கிலோமோல் 18.015 கிலோகிராம், ஒரு பவுண்டுமோல் 18.015 பவுண்டு. மூலக்கூறு எடையின் எண் மூன்றிலும் மாறாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வந்துவிடும்: ஒரு பவுண்டு 453.59237 கிராம், ஆகவே ஒரு பவுண்டுமோல் 453.59237 மோல். பொருள் எதுவாக இருந்தாலும் இதுவே.

1 பவுண்டுமோல்/மணி = 0.45359 கிலோமோல்/மணி = 0.12600 மோல்/விநாடி
1 கிலோமோல்/மணி = 2.2046 பவுண்டுமோல்/மணி
1 பவுண்டுமோல்/விநாடி = 1632.9 கிலோமோல்/மணி

மனதில் சரிபார்க்க: பவுண்டுமோல்/மணியை எட்டால் வகுத்தால் ஏறக்குறைய மோல்/விநாடி. வந்த விடை இதிலிருந்து ஆயிரம் மடங்கு விலகியிருந்தால், கிலோ என்ற முன்னொட்டு எங்கோ தொலைந்துவிட்டது என்று பொருள்.

எழுத்து வழக்கிலும் ஒரு பொறி உண்டு. 'கிலோகிராம்-மோல்' என்று பழைய தாள்களிலும் சில சிமுலேஷன் மென்பொருள்களிலும் வருவது கிலோமோலேதான். 'கிராம்-மோல்' என்பது மோல். ஆனால் அமெரிக்க வழக்கில் தயாரான பழைய தாள்களில் வெறுமனே 'மோல்/மணி' என்று இருந்தால் அது பெரும்பாலும் பவுண்டுமோல்/மணி. ஊகிக்க வேண்டியதில்லை. பொருள் சமநிலைத் தாளில் (எது எவ்வளவு உள்ளே வந்து எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு) அதே ஓட்டத்துக்கு நிறையும் கொடுத்திருப்பார்கள். நிறையை மோலால் வகுங்கள். மூலக்கூறு எடை அப்படியே வந்தால் இரண்டு அலகுகளும் ஒரே குடும்பம். தண்ணீர் ஓட்டத்துக்கு 18.0க்குப் பதில் 8.17 வந்தால் கிலோகிராமைப் பவுண்டுமோலால் வகுத்திருக்கிறீர்கள், 39.7 வந்தால் பவுண்டைக் கிலோமோலால் வகுத்திருக்கிறீர்கள். தாளில் உள்ள தலைப்பை நம்புவதைவிட இந்த ஒரு வகுத்தலை நம்பலாம்.

அளவியலில் மோல்/விநாடிக்குக் 'கட்டல்' என்று தனிப்பெயரே உண்டு, 1999இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அது நொதிகள் போன்ற வினையூக்கிகளின் செயல்திறனைச் சொல்வதற்கு மட்டும். குழாயில் ஓடுவதற்கு அந்தப் பெயரைப் போடுவதில்லை.

இனி சிக்கலான பகுதி: நார்மல், ஸ்டாண்டர்ட் கன அளவுகள். நல்லியல்பு வாயுவின் ஒரு கிலோமோல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது, வாயு மாறிலியைத் தனி வெப்பநிலையால் (கெல்வினில்) பெருக்கித் தனி அழுத்தத்தால் (வெற்றிடத்தைச் சுழியாக வைத்து அளந்தது) வகுத்தால் வரும் எண். மாறிலி 8.31446 கிலோபாஸ்கல்·கன மீட்டர்/(கிலோமோல்·கெல்வின்). அந்தந்த நிபந்தனைக்கு வரும் விடை:

0 டிகிரி செல்சியஸ், 101.325 கிலோபாஸ்கல்: 22.414 கன மீட்டர்/கிலோமோல்
0 டிகிரி, 100 கிலோபாஸ்கல்: 22.711
15 டிகிரி, 101.325: 23.645
60 டிகிரி ஃபாரன்ஹீட், 14.696 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு): 23.690 (பவுண்டுமோலுக்கு 379.48 கன அடி)
20 டிகிரி, 101.325: 24.055
25 டிகிரி, 101.325: 24.465
25 டிகிரி, 100: 24.790

இவற்றில் எதையும் 'ஸ்டாண்டர்ட்' என்று யாரோ ஒருவர் எங்கோ அழைத்துக்கொண்டிருக்கிறார். வேதியியல் நியமங்களை வகுக்கும் ஐயுபேக் அமைப்பு 1982இல் தன் நியம அழுத்தத்தை 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 பாருக்கு மாற்றியது. அதனால் பழைய பாடநூலில் 22.414 என்றும் புதியதில் 22.711 என்றும் இருக்கும். இரண்டுக்கும் இடையே 1.3 சதவீதம். தொழிற்சாலையின் நார்மல் கன மீட்டர் இந்த மாற்றத்தோடு நகரவில்லை. ஜெர்மானிய நியமமான டின் 1343 சொல்கிற 0 டிகிரி, 1.01325 பாரிலேயே நிற்கிறது. இயற்கை எரிவாயுவுக்கு ஐஎஸ்ஓ 13443 வகுத்திருப்பது 15 டிகிரி, 101.325 கிலோபாஸ்கல். அமெரிக்க வழக்கில் 60 டிகிரி ஃபாரன்ஹீட். அதிலும் அழுத்தம் 14.696 என்று ஓர் ஒப்பந்தத்திலும் 14.73 என்று வேறொன்றிலும் இருக்கும். எனவே 'நார்மல்' என்றால் 0 டிகிரி, 'ஸ்டாண்டர்ட்' என்றால் 15 டிகிரி அல்லது 60 ஃபாரன்ஹீட் என்பது நல்ல தொடக்க ஊகம். ஊகம் என்ற அளவோடு அதை வைத்துக்கொண்டு, மீட்டரின் தரவுத்தாளையோ ஒப்பந்தத்தின் வரையறைப் பக்கத்தையோ பார்த்து உறுதி செய்யுங்கள்.

எம்.எம்.எஸ்.சி.எஃப்.டி. என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் ஸ்டாண்டர்ட் கன அடி. இங்கே 'எம்' ரோமானிய எண்ணின் ஆயிரம். இரண்டு எம் சேர்ந்தால் ஆயிரம் ஆயிரம். ஒரே ஒரு 'எம்' போட்ட எம்.எஸ்.சி.எஃப்.டி. வெறும் ஆயிரம் கன அடிதான். அதை மெகா என்று படித்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். மாற்றும் வழி:

10,00,000 ÷ 379.48 = 2635.2 பவுண்டுமோல்/நாள்
÷ 24 = 109.80 பவுண்டுமோல்/மணி
× 0.45359 = 49.80 கிலோமோல்/மணி

ஆக, 12 எம்.எம்.எஸ்.சி.எஃப்.டி. என்றால் 597.6 கிலோமோல்/மணி. இதையே நார்மல் கன மீட்டரில் சொன்னால், 22.414ஆல் பெருக்கி ஏறக்குறைய 13,396. பலர் செய்கிற தவறு, கன அடியைக் கன மீட்டராக மட்டும் மாற்றி (ஓர் அடி 0.3048 மீட்டர்) 14,158 என்று எடுத்து அதற்கு 'நார்மல்' என்று பெயர் வைத்துவிடுவது. அந்த எண் 60 ஃபாரன்ஹீட்டில் அளந்த கன மீட்டர். 0 டிகிரிக்குக் கொண்டுவர 273.15 ÷ 288.71ஆல் பெருக்க வேண்டும். பெருக்காவிட்டால் 5.7 சதவீதம் கூடுதல். கேள்வியில் உள்ள வித்தியாசத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இந்த வகை மாற்றத்தை எப்போதும் மோல் வழியாகவே செய்யுங்கள்: மூல நிபந்தனையின் மோலார் கனத்தால் வகுத்து மோலுக்கு வாருங்கள், பிறகு இலக்கு நிபந்தனையின் மோலார் கனத்தால் பெருக்குங்கள். கனத்திலிருந்து நேரே கனத்துக்குத் தாவும்போதுதான் வெப்பநிலை மறந்துபோகிறது.

ஆய்வகத்தில் இதே சிக்கல் எஸ்.சி.சி.எம். என்ற வடிவில் வரும். நிமிடத்துக்கு இத்தனை ஸ்டாண்டர்ட் கன சென்டிமீட்டர். நிறைப் பாய்வுக் கட்டுப்படுத்திகளில் பலவற்றுக்கு நியமம் 0 டிகிரி, 1 அட்மாஸ்பியர்; சில தயாரிப்புகளுக்கு 20 அல்லது 25 டிகிரி. 500 எஸ்.சி.சி.எம். என்பது முதல் வகையில் 22.31 மில்லிமோல்/நிமிடம், 25 டிகிரி நியமத்தில் 20.44. இரண்டு கட்டுப்படுத்திகள் ஒரே வினைகலனுக்கு இரண்டு வாயுக்களை ஊட்டும்போது, ஒன்று ஒரு நியமத்திலும் மற்றது வேறு நியமத்திலும் இருந்தால், திரையில் 3:1 என்று தெரியும் விகிதம் உண்மையில் 3:1 ஆக இருக்காது. வினையூக்கியைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

ஓடும் நிலையில் அளந்த உண்மைக் கன அளவு கையில் இருந்தால் நிலை வேறு. அங்கே குழாயில் இருக்கும் அழுத்தமும் வெப்பநிலையும்தான் கணக்கு. கீழே வரும் அமுக்கக் காரணி, வாயு நல்லியல்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்; நல்லியல்பு வாயுவுக்கு அது ஒன்று.

மோல் பாய்வு = அழுத்தம் × கனப் பாய்வு ÷ (அமுக்கக் காரணி × வாயு மாறிலி × வெப்பநிலை)

காற்று 500 கன மீட்டர்/மணி, அழுத்தமானி 7 பார் காட்டுகிறது, வெப்பநிலை 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலே உள்ள கேஜ் அழுத்தம். தனி அழுத்தம் 7 + 1.01325 = 8.01325 பார், அதாவது 801.3 கிலோபாஸ்கல். வெப்பநிலை 313.15 கெல்வின். இந்த அழுத்தத்தில் காற்றின் அமுக்கக் காரணி ஒன்றிலிருந்து கால் சதவீதம்கூட விலகாது. ஒன்று என்றே எடுக்கலாம்.

801.325 × 500 ÷ (8.31446 × 313.15) = 153.9 கிலோமோல்/மணி

கேஜ் அழுத்தத்தையே போட்டிருந்தால் 134.4 வந்திருக்கும், 12.6 சதவீதம் குறைவு. இந்தத் தவறு ஏன் கண்ணில் படாமல் போகிறது என்றால், விடை நம்பும்படியாகவே இருக்கிறது. செல்சியஸைப் போட்டால் விடை 1205 என்று வந்து தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கேஜ் அழுத்தம் காட்டிக்கொடுக்காது. அழுத்தம் குறையக் குறைய அதன் பாதிப்பும் பெருகும்: 1 பார் கேஜில் பாதிக்குமேல் போய்விடும். மேட்டுநிலத்தில் உள்ள ஆலையில் வளிமண்டல அழுத்தம் 1.013 பார் இருக்காது என்பதையும் குறைந்த அழுத்தக் குழாய்களில் கணக்கில் கொள்ள வேண்டும்.

அமுக்கக் காரணியை எப்போது விடலாம்? சில பார் வரை உள்ள காற்று, நைட்ரஜன், ஹைட்ரஜனுக்கு விடலாம். மீத்தேன் 70 பார், 15 டிகிரியில் அது 0.86ஐ ஒட்டி இருக்கும். அதை ஒன்று என்று எடுத்தால் மோல் பாய்வு சுமார் 14 சதவீதம் குறைவாக வரும். அதற்காக நார்மல் கன மீட்டரை மாற்றும்போதும் இந்த 0.86ஐ நுழைக்கக் கூடாது. அந்த அலகு ஏற்கெனவே 1 அட்மாஸ்பியருக்கு மாற்றப்பட்டுவிட்டது. குழாயின் அழுத்தத்துக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு முறை திருத்துவதும் திருத்தாமல் விடுவதைப் போன்ற தவறுதான். 1 அட்மாஸ்பியரில்கூட எல்லா வாயுவும் 22.414இல் நிற்பதில்லை என்பது உண்மை. கார்பன் டைஆக்சைடு 0 டிகிரியில் 22.26 கன மீட்டர்/கிலோமோல் அளவில் இருக்கும். பொருள் சமநிலைக்கு இந்த 0.7 சதவீதம் பெரும்பாலும் பொருட்டில்லை. காசு கைமாறும் அளவீட்டுக்குப் பொருட்டு உண்டு.

அழுத்தத்தின் அலகு மாறினால் மாறிலியும் மாற வேண்டும். பாருக்கு 0.083145 கன மீட்டர்·பார்/(கிலோமோல்·கெல்வின்), அட்மாஸ்பியருக்கு 0.082057, பி.எஸ்.ஐ., கன அடி, பவுண்டுமோல், ரேங்கின் (ஃபாரன்ஹீட்டின் தனி வெப்பநிலை அளவு) என்று போனால் 10.7316. முதல் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் இடம் மாறிவிடும். அதிலும் 1.3 சதவீதம் போகும்.

நிறையிலிருந்து மோலுக்கு வருவது தூய பொருளுக்கு எளிது; மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டியதுதான். கலவைக்கு வந்தால் சராசரியை எப்படி எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். மோல் பின்னம் தெரிந்தால் ஒவ்வொன்றையும் அதனதன் மூலக்கூறு எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மீத்தேன் 90, ஈத்தேன் 6, நைட்ரஜன் 2, கார்பன் டைஆக்சைடு 2 மோல் சதவீதம் என்றால் 14.439 + 1.804 + 0.560 + 0.880 = 17.683. மேலே பார்த்த 597.6 கிலோமோல்/மணி இந்த வாயுவாக இருந்தால் நிறை 10,568 கிலோகிராம்/மணி.

நிறைப் பின்னம் தெரிந்தால் இப்படிக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு நிறைப் பின்னத்தையும் மூலக்கூறு எடையால் வகுத்துக் கூட்டி, கூட்டுத்தொகையின் தலைகீழியை எடுக்க வேண்டும். மேலே சொன்ன அதே 90, 6, 2, 2 நிறைச் சதவீதமாக இருந்திருந்தால் சராசரி 16.874. இங்கே குழம்பினாலும் இழப்பு 5 சதவீதத்துக்குள். ஆனால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பாதிக்குப் பாதி நிறையில் உள்ள வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள்:

சரியான வழி: 0.5 ÷ 2.016 + 0.5 ÷ 28.010 = 0.26587, தலைகீழி 3.761
தவறான வழி: 0.5 × 2.016 + 0.5 × 28.010 = 15.013

நான்கு மடங்கு. லேசான ஹைட்ரஜனே மோல் எண்ணிக்கையில் 93 சதவீதத்துக்குமேல் இருக்கிறது; எளிய சராசரிக்கு அது தெரிவதில்லை. ஹைட்ரஜன் உள்ள எந்த ஓட்டத்திலும் இதை இருமுறை சரிபாருங்கள்.

வினைகலனைக் கடக்கும்போது இன்னொரு கண்ணி. நிறை மாறாது, மோல் மாறும். நைட்ரஜன் 25, ஹைட்ரஜன் 75, ஆக 100 கிலோமோல்/மணி அம்மோனியா வினைகலனுக்குள் போகிறது. நைட்ரஜனில் 20 சதவீதம் வினைபுரிகிறது. 5 நைட்ரஜனும் 15 ஹைட்ரஜனும் போய் 10 அம்மோனியா வருகிறது. வெளியே 90 கிலோமோல்/மணி. நிறை இரண்டு பக்கமும் 851.6 கிலோகிராம்/மணி. உள்ளே சராசரி மூலக்கூறு எடை 8.516, வெளியே 9.462. வெளியேறும் நிறையை உள்ளே வந்த மூலக்கூறு எடையால் வகுத்தால் மீண்டும் 100 என்றே வரும். வினை நடக்கவே இல்லை என்பதுபோல. ஸ்ப்ரெட்ஷீட்டில் மூலக்கூறு எடையை ஒரே கட்டத்தில் எழுதி எல்லா ஓட்டத்துக்கும் அதையே காட்டும்போது இது நேர்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதன் சொந்த இயைபிலிருந்து கணக்கிட வேண்டும்.

திரவத்தில் கனம், அடர்த்தி, மூலக்கூறு எடை என்ற மூன்றே படிகள். தண்ணீர் 10 கன மீட்டர்/மணி, 25 டிகிரியில் அடர்த்தி 997.05: 9970.5 ÷ 18.015 = 553.5 கிலோமோல்/மணி. 80 டிகிரியில் அடர்த்தி 971.8, அதே 10 கன மீட்டர் 539.4 கிலோமோல்தான். கரைசல் என்றால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 32 நிறைச் சதவீதக் காஸ்டிக் சோடா 5 கன மீட்டர்/மணி, அடர்த்தி 1350 என்றால் மொத்தம் 6750 கிலோகிராம். அதில் சோடியம் ஹைட்ராக்சைடு 2160 கிலோகிராம், 39.997ஆல் வகுத்தால் 54.0 கிலோமோல், மீதி 4590 கிலோகிராம் தண்ணீர், 254.8 கிலோமோல். மொத்த நிறையையும் 39.997ஆல் வகுத்துவிட்டால் காரம் மூன்று மடங்காகிவிடும். 'நூறு சதவீத அடிப்படையில்' என்று எழுதியிருக்கிறதா, கரைசலாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

ஈரம் அடுத்தது. வாயுப் பகுப்பாய்விகள் பல, மாதிரியைக் குளிர்வித்து நீரை நீக்கிய பிறகே அளக்கின்றன. அவை காட்டுவது உலர் அடிப்படை. புகைபோக்கியில் 1000 கிலோமோல்/மணி ஈர வாயு, அதில் நீராவி 15 சதவீதம், பகுப்பாய்வி ஆக்சிஜன் 4 சதவீதம் என்கிறது. ஆக்சிஜன் 850 × 0.04 = 34 கிலோமோல்/மணி; 40 இல்லை. அழுத்தம் கூடினால் ஈரத்தின் பங்கு குறையும். 40 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 7.38 கிலோபாஸ்கல். நிறைவுற்ற காற்றில் வளிமண்டல அழுத்தத்தில் அது 7.3 மோல் சதவீதம், முந்தைய எடுத்துக்காட்டின் 8 பாரில் 0.9 சதவீதம். கம்ப்ரசரின் உறிஞ்சும் பக்கத்துக்கும் வெளியேற்றும் பக்கத்துக்கும் மோல் கணக்கு பொருந்தவில்லை என்றால், இடைக்குளிர்விப்பானில் வடிந்த நீரைத் தேடுங்கள்.

மீட்டர் என்ன அளக்கிறது என்பதும் அலகு மாற்றத்தோடு ஒட்டிய கேள்விதான். கோரியோலிஸ் மீட்டர் நிறையை அளக்கிறது. மூலக்கூறு எடையால் வகுத்தால் போதும். ஆரிஃபிஸ் மீட்டர் (குழாய்க்குள் துளையிட்ட தகடு) அழுத்த வேறுபாட்டை மட்டும் அளக்கிறது. திரையில் தெரியும் நார்மல் கன மீட்டர், வடிவமைப்பில் கொடுத்த அழுத்தம், வெப்பநிலை, மூலக்கூறு எடை ஆகியவற்றை வைத்துப் போட்ட கணக்கு. இவை மாறினால், திருத்தம் செய்யும் ஏற்பாடு இல்லாதபோது, திரை எண்ணை இப்படித் திருத்த வேண்டும்:

உண்மை = காட்டுவது × வர்க்கமூலம் [(இப்போதைய அழுத்தம் ÷ வடிவமைப்பு அழுத்தம்) × (வடிவமைப்பு வெப்பநிலை ÷ இப்போதைய வெப்பநிலை) × (வடிவமைப்பு மூலக்கூறு எடை ÷ இப்போதைய மூலக்கூறு எடை)]

அழுத்தமும் வெப்பநிலையும் தனி அளவில். அழுத்தமும் வெப்பநிலையும் மாறாமல் மூலக்கூறு எடை மட்டும் 8.5இலிருந்து 9.5க்கு ஏறினால் உண்மையான மோல் பாய்வு காட்டுவதில் 0.946 பங்கு. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: நிறை வேண்டுமானால் மூலக்கூறு எடையின் விகிதம் தலைகீழாகும். வாயு கனமானால் அதே அழுத்த வேறுபாட்டில் நிறை கூடும், மோல் குறையும். டன்/மணிக்கு எழுதப்பட்ட திருத்தச் சூத்திரத்தை நார்மல் கன மீட்டருக்குப் போட்டால், பிழை திருந்துவதற்குப் பதில் இரட்டிப்பாகும். அழுத்தம், வெப்பநிலை இரண்டுக்கும் தானியங்கித் திருத்தம் உள்ள ஆலைகளிலும் மூலக்கூறு எடைக்கு அது பல நேரம் இருப்பதில்லை. ஹைட்ரஜன் சுழற்சி வாயு உள்ள இடங்களில் சமநிலை பொருந்தாததற்கு இது பெரிய காரணம்.

மின்பகுப்பில் மீட்டரே வேண்டாம். மின்னோட்டமே மோல் பாய்வு. ஆம்பியரை, எலக்ட்ரான் எண்ணிக்கை × 96,485 என்பதால் வகுத்தால் மோல்/விநாடி. ஹைட்ரஜனுக்கு எலக்ட்ரான் 2. ஒரு கலத்தில் 1000 ஆம்பியர் ஓடினால் 18.66 மோல்/மணி, அதாவது 0.418 நார்மல் கன மீட்டர்/மணி. தொடராக இணைத்த கலங்களின் எண்ணிக்கையாலும் மின்னோட்டத் திறனாலும் இதைப் பெருக்க வேண்டும். மீட்டரைச் சந்தேகிக்கும்போது இதைப் போல உதவும் கணக்கு வேறில்லை.

ஆண்டு உற்பத்தியிலிருந்து வரும்போது மணி நேரத்தைக் கேளுங்கள். ஆண்டுக்கு 1,00,000 டன் அம்மோனியா, 8000 மணி ஓட்டம் என்றால் 734.0 கிலோமோல்/மணி, 8760 மணி என்று எடுத்தால் 670.3. டன் எந்த டன் என்பதும் கேள்விதான்: மெட்ரிக் டன் 1000 கிலோகிராம், அமெரிக்கக் குறு டன் 907.18, பிரித்தானிய நெடு டன் 1016.05.

கணக்கு போடும் முறையில் நான் வலியுறுத்துவது இதுதான்: உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் வாசலிலேயே கிலோமோல்/மணியாக மாற்றுங்கள், நடுவில் எங்கும் வேறு அலகு வேண்டாம், வெளியே போகும்போது மட்டும் கேட்டவர் விரும்பும் அலகுக்கு மாற்றுங்கள். மோலார் கனம் 22.414ஐச் சூத்திரத்துக்குள் புதைக்காமல் தனிக் கட்டத்தில் வைத்து, பக்கத்தில் '0 டிகிரி, 101.325 கிலோபாஸ்கல், உலர்' என்று எழுதுங்கள். அடுத்தவர் அதை எடுத்து 25 டிகிரி எண்ணோடு கலக்காமல் இருக்க அந்தச் சில சொற்கள் போதும். இடையில் வரும் எண்களை முழுமையாக்காதீர்கள். 22.414ஐ 22.4 என்று போடுவதால் 0.06 சதவீதம்தான் போகும். ஆனால் கீழே சொல்லப்போகும் சோதனைக்கு மூன்றாவது தசமம் வரை எண் சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்தச் சோதனை: ஒத்துவராத இரண்டு எண்களில் பெரியதைச் சிறியதால் வகுங்கள். வரும் விகிதமே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். 1.013 என்றால் 1 பாரும் 1 அட்மாஸ்பியரும் கலந்திருக்கின்றன. 1.055 என்றால் 0 டிகிரியும் 15 டிகிரியும், 1.057 என்றால் 0 டிகிரியும் 60 ஃபாரன்ஹீட்டும்; 1.073 என்றால் 0வும் 20ம், 1.092 என்றால் 0வும் 25ம். 1.095 வந்தால் வெப்பநிலையை விட்டுவிட்டு 8000 மணிக்கும் 8760 மணிக்கும் போங்கள். 1.102 குறு டன். 1.106 என்பது 0 டிகிரி அட்மாஸ்பியரும் 25 டிகிரி பாரும். 2.205 பவுண்டு. இந்தப் பட்டியலில் எதுவும் பொருந்தாமல், அழுத்தம் மாறும்போது விகிதமும் மாறிக்கொண்டே இருந்தால் அது கேஜ் அழுத்தமோ அமுக்கக் காரணியோ. வாயுவின் இயைபு மாறும்போது மாறினால் மூலக்கூறு எடை. விகிதம் நாளெல்லாம் நிலையாக 1.057இல் நின்றால், கேள்வியில் சொன்ன ஆலையில் ஒப்பந்தத்தின் கன அடி 60 ஃபாரன்ஹீட்டிலும் மீட்டரின் கன மீட்டர் 0 டிகிரியிலும் இருக்கின்றன, இரண்டையும் ஒரே மோலார் கனத்தால் வகுத்திருக்கிறார்கள்.